தேள் கடித்த நாளுக்கு விடுப்பு

டிசம்பர் 8, திங்கள் – கெய்ரோ

எகிப்து என்றால் வெயில் என்று முடிவு கட்டி, அக்கா மெல்லிய பருத்திச் சேலைகளாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் சில்லென்று ஒரு காற்று. டீசல் புகையும் புழுதியும் கலந்து மூக்கில் ஏறியது. "டேய், உன் ஸ்வெட்டரக் கொடு" என்று வாங்கியவள் திருப்பித் தரவே இல்லை.

விடுதியில் பையை வைத்துவிட்டுச் சாப்பாடு தேடிப் போனோம். கெய்ரோவில் சாலையைக் கடப்பது தனி வித்தை. சிக்னல் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. நடைபாதை ஓரத்தில் நாங்கள் தவிப்பதைப் பார்த்து, கணுக்கால் வரை தொங்கும் கலாபியா அணிந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தியபடி இறங்கினார். வண்டிகள் விலகின. எங்களை அந்தப் பக்கம் சேர்த்ததும், நன்றி சொல்வதற்குள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அவருக்கு இந்தப் பக்கம் வேலையே இல்லை.

கோஷரி சாப்பிட்டோம். சோறு, மக்ரோனி, பயறு, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கிண்ணத்தில். மேலே தக்காளிச் சாறு, மொறுமொறுவென்று வறுத்த வெங்காயம். தொட்டுக்கொள்ள பூண்டு போட்ட வினிகர் ஒரு குப்பி, மிளகாய்ச் சாறு ஒரு குப்பி. ஒரு கிண்ணம் 60 எகிப்தியப் பவுண்டு. ஒரு பவுண்டை ஏறக்குறைய இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். சோற்றோடு மக்ரோனியா என்று முகம் சுளித்த அக்கா, கடைசியில் என் கிண்ணத்து வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய் – கீசா

பிரமிடு பெரியது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். கட்டி முடித்தபோது 146 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், இப்போது 138 சொச்சம். ஏறக்குறைய 23 லட்சம் கற்கள். பக்கத்தில் நின்றால் பிரமிடே தெரிவதில்லை. இடுப்பு உயரக் கற்களாகத்தான் தெரிகிறது. ஒட்டகக்காரர்கள் தொல்லையும் எழுதித் தீர்ந்த விஷயம். "இந்தியா? அமிதாப் பச்சன்!" என்று தொடங்கி, "போட்டோ மட்டும், இலவசம்" என்று முடிப்பார்கள். எதுவும் இலவசம் இல்லை.

உள்ளே நான் மட்டும் போனேன், அக்காவுக்கு முழங்கால் வலி. குனிந்தபடியே ஏறி, பிறகு பெரிய மாடம் என்கிற உயரமான சரிவுப் பாதை, அதன் முடிவில் மூடியில்லாத ஒரு கிரானைட் பெட்டி. வெளியே குளிர், உள்ளே வியர்வை. அவ்வளவுதான். இதற்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எனக்குப் பிடித்தது அந்தக் கற்களைக் கொண்டுவந்த ஆளின் கதை. செங்கடல் கரையில் வாதி எல் ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலேயின் குழு நாணல் தாளான பாப்பிரஸ் சுருள்கள் சிலவற்றை எடுத்தது. எழுதிய பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை அவைதான். மெரேர் என்கிற மேற்பார்வையாளர், தன் குழு என்ன செய்தது என்று நாள்வாரியாகக் கட்டம் போட்டு எழுதிய குறிப்பு அதில் இருக்கிறது. இந்தப் பிரமிடைக் கட்டிக்கொண்ட கூஃபு மன்னரின் 27ஆம் ஆட்சியாண்டு வாக்கில், நைலின் கிழக்குக் கரையில் துரா என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுவந்த கணக்கு. இன்று கல் ஏற்றினோம், இரவு துராவில் தங்கினோம். இன்று படகை விட்டோம், இரவு ஏரிக்கரையில் தங்கினோம். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. வியப்புக்குறி ஒன்றுகூடக் கிடையாது. 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய பயணக் குறிப்பு, என்னுடையதைவிடச் சுருக்கமானது.

கட்டியவர்கள் அடிமைகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறது. அது சரியில்லை. 1990இல் ஒரு குதிரை செங்கல் சுவரில் கால் தடுக்கிய இடத்தைத் தோண்டப்போய், பிரமிடு வேலையாட்களின் இடுகாடு வெளிப்பட்டது. அரசரின் நிழலிலேயே கல்லறை கட்டிப் புதைத்திருக்கிறார்கள். முறிந்து, கட்டுப் போட்டுக் கூடிய எலும்புகள் இருந்தன. அவர்கள் தங்கிய ஊரில் ரொட்டி சுட்ட இடங்களும் மாட்டெலும்புக் குவியல்களும் கிடைத்தன. வேலைக் குழுக்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு கல்லில் கிறுக்கியும் வைத்தார்கள். ஒரு குழு 'கூஃபுவின் நண்பர்கள்'. மென்கவ்ரே மன்னருடைய மூன்றாவது பிரமிடில் ஒரு குழு 'மென்கவ்ரேயின் குடிகாரர்கள்'. வேலை செய்கிற இடத்தில் மேலாளர் பெயரோடு சேர்த்து இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்.

டிசம்பர் 10, புதன் – சக்காரா

இங்கே கூட்டம் இல்லை, ஒட்டகம் இல்லை. ஜோசர் மன்னருக்காக இம்ஹோதெப் கட்டிய ஆறு அடுக்குப் பிரமிடு. கல்லில் எழுந்த முதல் பெரிய கட்டடம் இதுதான் என்கிறார்கள். ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறையில். முப்பதுக்கு மேற்பட்ட அறைகள். சுவர் முழுக்க வேலை நடக்கிறது: மீன் பிடிக்கிறார்கள், நகை செய்கிறார்கள், கழுதைப்புலியை மல்லாக்கப் போட்டு வாயில் தீனி திணிக்கிறார்கள். ஓரிடத்தில் ஊர்த் தலைவர்களைப் பிடரியில் கை வைத்துத் தள்ளி வருகிறார்கள். வரிக் கணக்கு சரியில்லை. ஒருவரைக் கம்பத்தில் கட்டி அடிக்கிறார்கள். எதிரே கணக்குப்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் காதிலும் ஓர் எழுதுகோல் செருகி இருக்கிறது. அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களையும் சம்பளப் பட்டியலையும் பார்ப்பது என் வேலை. அந்த எழுதுகோலைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம் போலிருந்தது.

காவலர் டார்ச் அடித்துக் காட்டிவிட்டுக் கையை நீட்டினார். 20 பவுண்டு கொடுத்தேன். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு 20 கொடுத்ததும், மூடிக் கிடந்த ஓர் அறையின் கதவு தானாகத் திறந்தது.

மதியம் சாலையோரக் கடையில் ஃபூல், தாமெயா. ஃபூல் என்பது வேகவைத்த அவரைப் பருப்பு. தாமெயா அதே பருப்பை அரைத்து வடை மாதிரி பொரித்தது, உள்ளே பச்சைப்பசேல் என்று கொத்தமல்லி. கடைக்காரர் காசு வாங்கிக்கொண்ட பிறகும் ஆளுக்கொரு வடை கூடுதலாக வைத்தார். சுடச்சுட ரொட்டி.

டிசம்பர் 11, வியாழன் – கெய்ரோ

காலையில் கீசா பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய எகிப்து அருங்காட்சியகம், மாலையில் மம்மிகள் இருக்கும் ஃபுஸ்தாத் அருங்காட்சியகம். ஒரே நாளில் இரண்டு என்பது கால்களுக்குச் செய்யும் துரோகம்.

நுழைந்ததும் 11 மீட்டர் உயர இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் சிலை. இவர் 2006 வரை கெய்ரோ ரயில் நிலையத்துக்கு எதிரே போக்குவரத்துப் புகையில் நின்றவர். துட்டன்காமுன் என்ற அரசரின் தங்க முகமூடியைச் சுற்றிக் கைப்பேசிகளின் காடு. அங்கே மல்லுக்கட்டாமல் அவருடைய உஷப்தி பொம்மைகளிடம் போனோம். மறுமையில் வயல் வேலைக்குக் கூப்பிட்டால், இறந்தவருக்குப் பதிலாக எழுந்து போய்ச் செய்ய வேண்டிய பொம்மைகள். பெயர் கூப்பிட்டால் 'இதோ இருக்கிறேன்' என்று அது சொல்ல வேண்டும் என மந்திரமே உண்டு. துட்டன்காமுனுக்கு மொத்தம் 413. நாளைக்கு ஒருவராக 365 வேலையாட்கள். பத்து நாள் கொண்ட வாரத்துக்கு ஒரு மேஸ்திரி வீதம் 36 பேர். மாதத்துக்கு ஒரு மேலாளராக 12 பேர். செத்த பிறகும் மேற்பார்வைக்குத் தனி ஆள்!

மம்மி மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, பேச்சும் குறைவு. இரண்டாம் ராம்சேஸ் தொண்ணூறு வயதை ஒட்டி வாழ்ந்தவர். பின்னந்தலையில் இன்னும் செம்பட்டை மயிர். வளைந்த அந்த மூக்கு சப்பிப் போகாமலிருக்க உள்ளே மிளகு வைத்து அடைத்திருக்கிறார்கள். அவர் இறந்தது கி.மு. 1213. மிளகு அன்றைக்கு விளைந்தது நம் மலைப் பக்கம்தான். எத்தனை கை மாறிப் போயிருக்குமோ. பின்னாளில் ரோமர் காலத்தில் இந்த வணிகம் நேரடியாகவே நடந்தது. செங்கடல் துறைமுகமான பெரெனிகே கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த பெரிய சாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதற்கு வடக்கே குசேர் அல் கதீம் துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்று தமிழ்ப் பெயர் கீறிய பானை ஓடுகள் எடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். "ராஜாவுக்கு மூக்குல மிளகா? தும்மல் வந்திருக்காதா?" என்றாள். பக்கத்தில் நின்ற காவலாளி எங்களை முறைத்தார்.

டிசம்பர் 12, வெள்ளி – ரயில்

லக்சர் ரயில் மூன்று மணி நேரம் தாமதம். ஏறிய பிறகு குளிர்சாதனம் நடுக்கியது. எதிர் இருக்கைக் குடும்பம் ஆரஞ்சு, வேகவைத்த முட்டை, வெள்ளைச் சீஸ் என்று விரித்து, முதல் பங்கை எங்களுக்குத் தந்த பிறகே சாப்பிட்டது. பதிலுக்கு அக்கா கொடுத்த தட்டையைக் குழந்தை கடித்துவிட்டு அழுதது. காரம்.

டிசம்பர் 13, சனி – லக்சர், மேற்குக் கரை

அரசர்களின் பள்ளத்தாக்கில் டிக்கெட் வாங்கும் இடத்தில் சிக்கல். அட்டை மட்டும்தான், ரொக்கம் வாங்க மாட்டார்கள். என் அட்டையை இயந்திரம் துப்பியது. அக்காவுடையதையும் துப்பியது. இரண்டும் ஒரே வங்கி. கிளம்பும் முன் இரண்டு தடவை கேட்டு, வெளிநாட்டில் வேலை செய்யும் என்று உறுதி வாங்கியிருந்தேன். வாடிக்கையாளர் எண்ணை அழைத்தால் இசை கேட்டது, ஆள் வரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. அப்போது வேறொரு குழுவோடு வந்த உள்ளூர் வழிகாட்டி தன் அட்டையை நீட்டி எங்களுக்கும் சேர்த்துக் கட்டினார். நான் ரொக்கத்தைக் கொடுத்தபோது எண்ணி, 50 பவுண்டு அதிகம் என்று திருப்பிக் கொடுத்தார். முதல் நாளிலிருந்து பக்ஷீஷ் என்கிற இனாம் கொடுத்துக் கொடுத்துச் சந்தேகப் பிராணியாகிவிட்டிருந்த எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

ஒரு டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள். துட்டன்காமுனுக்குத் தனி, ஆறாம் ராம்சேஸுக்குத் தனி. ஆறாம் ராம்சேஸின் கூரையில் வான தேவி நூத் மாலையில் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் உடலுக்குள் நகர்த்தி, காலையில் பெற்றெடுக்கிறாள். அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. துட்டன்காமுன் மட்டும் இன்னும் தன் கல்லறையிலேயே இருக்கிறார், கண்ணாடிப் பெட்டிக்குள், கால் விரல்கள் கருத்து. அவருடைய அறை சின்னது. மூன்றாவது கல்லறை முடிந்ததும் எனக்கு அரசர்கள் போதும் என்றாகிவிட்டது. எல்லாச் சுவரிலும் அதே தெய்வங்கள், அதே படகு, அதே வரவேற்பு.

இரவு தங்கிய வீட்டில் அம்மா ஒருவர் ஷம்சி ரொட்டி கொடுத்தார். மாவை உருண்டையாக வெயிலில் வைத்துப் புளிக்கவிட்டுச் சுடுவது, தெற்கேயுள்ள மேலெகிப்துக்கே உரியது. கனமான ரொட்டி, கூடவே கொழகொழவென்று முலூக்கியா கீரை. வெண்டைக்காய்க் குழம்பு பிடிக்காதவர்கள் இதன் பக்கம் போக வேண்டாம். நான் மூன்று தடவை வாங்கினேன்.

டிசம்பர் 14, ஞாயிறு – டெய்ர் எல் மதீனா

இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு என்று சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன்.

பள்ளத்தாக்கில் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து, சுவரில் எழுதி, வண்ணம் தீட்டிய தொழிலாளிகளின் ஊர். மலைகளுக்கு நடுவே ஒரு குறுகல் தெரு, இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு மிஞ்சிய வீட்டுச் சுவர்கள். சுமார் 70 வீடுகள். முன்னறை, நடு அறை, பின்னால் சமையல், மாடிக்குப் படி. ஊரில் தண்ணீர் இல்லை. கழுதையில் கொண்டுவர அரசாங்கம் ஆள் போட்டிருந்தது. துணி வெளுக்கவும் ஆள். சம்பளம் தானியமாக: சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பியருக்கு.

இந்த ஊர்க்காரர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். காகிதத்துக்குப் பதில் சுண்ணாம்புக்கல் சில்லும் உடைந்த பானை ஓடும் காலடியில் இலவசமாகக் கிடந்தன. எல்லாவற்றையும் எழுதினார்கள். வடக்குப் பக்கம் ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. தண்ணீர் தேடித் தோண்டியதாம், வரவில்லை, பிறகு குப்பைக்குழியாகிவிட்டது. அதிலிருந்து ஆயிரக்கணக்கில் எழுத்துச் சில்லுகள் எடுத்தார்கள். விளக்குத் திரி எத்தனை செலவானது, செம்பு உளியைக் கொடுத்தபோது என்ன எடை, வாங்கியபோது என்ன எடை, யார் யாருக்குக் கழுதை வாடகை பாக்கி.

இவற்றில் என் மனசுக்கு நெருக்கமானது இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு. கறுப்பு மையில் ஆள் பெயரும் தேதியும், மேலே சிவப்பு மையில் வராத காரணம். சேபா: தேள் கடித்தது. பெந்துவா: கோன்சுவோடு குடித்துக்கொண்டிருந்தான். இன்னும் சிலருக்குக் கண் நோய், பியர் காய்ச்சல் (காய்ச்சும் வேலை, ஜுரம் இல்லை), தாயின் உடலைத் துணி சுற்றும் வேலை. வீட்டில் பெண்ணுக்கு மாதவிலக்கு என்பதும் ஒரு காரணம். இத்தனை வருடம் விடுப்பு விண்ணப்பம் படிக்கிறேன், குடித்துக்கொண்டிருந்தேன் என்று ஒருவர்கூட எழுதியதில்லை. யாரோடு என்பதையும் சேர்த்து எழுதிய அந்தக் கணக்குப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

சம்பளம் நின்றுபோன கதையும் இந்த ஊரில்தான் நடந்தது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1157 வாக்கில், தானியம் வந்து சேரவில்லை. தொழிலாளிகள் கருவிகளைப் போட்டுவிட்டு, காவல் மதில்களைத் தாண்டி இறங்கிப் போய் அரசர்களின் நினைவுக் கோயில்களின் பின்னால் உட்கார்ந்தார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்கும் அமைச்சருக்கும் சொல்லுங்கள் என்றார்கள். கேட்டது கொஞ்சம் கிடைத்தது, மறுபடி நின்றது, மறுபடி உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் வேலைநிறுத்தம். அந்த பாப்பிரஸ் இத்தாலியில் தூரின் நகரில் இருக்கிறது. இந்த ஊரின் நல்ல சங்கதிகள் எதுவும் இந்த ஊரில் இல்லை, அது ஒரு எரிச்சல்.

எடுத்துப்போக முடியாதது கல்லறைகள்தான். செங்குத்தான படியில் அக்கா பின்னோக்கி, ஏணியில் இறங்குவது போல் இறங்கினாள். சென்னெஜெம் என்கிற தொழிலாளியின் கல்லறை, சின்ன அறை, வளைந்த கூரை. சுவர் முழுக்க மஞ்சள். நேற்று அடித்த மாதிரி. மறுமை வயலில் சென்னெஜெம் புள்ளி மாடு பூட்டி உழுகிறார். மனைவி ஐநெஃபெர்த்தி பின்னால் விதை தூவுகிறாள். இருவருக்கும் வெள்ளை வெளேரென்று மடிப்பு வைத்த உடை, அவள் தலையில் விசேஷ வீட்டு அலங்காரம். கீழ் வரிசையில் பேரீச்சை மரங்கள், பழக்குலைகளோடு. வாழ்நாள் முழுக்க அரசருக்கு நரகத்துப் பாம்புகளை வரைந்தவர்கள், விடுமுறை நாட்களில் தங்களுக்கு வரைந்துகொண்டது இது. அக்கா சுவரையே பார்த்துவிட்டு, "வயல்ல இந்தத் துணியோட இறங்கினா வெளுக்கிறது யாரு?" என்றாள். அதற்குத்தான் அரசாங்க வண்ணான் இருந்தாரே என்றேன்.

வெளியே வந்து, மதில் நிழலில் தேநீர். நௌனக்தே என்ற இந்த ஊர்ப் பெண்மணியின் உயில் கதையைச் சொன்னேன். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், முதுமையில் சிலர் என்னைப் பார்க்கவில்லை. என் கையில் கை கொடுத்தவர்களுக்கே என் சொத்து என்று சாட்சிகள் முன்னால் பெயர் சொல்லிச் சிலரை விலக்கிவிட்டாள். பொண்டாட்டிக்குத் தனிச் சொத்தா, அதை அவளே எழுதலாமா, கி.மு.விலா என்று அக்கா அடுக்கடுக்காகக் கேட்டாள். ஆமாம், ஆமாம், ஆமாம். "அப்பா சொத்து?" அது எல்லாருக்கும் உண்டு. அக்கா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. எங்கள் வீட்டு விவகாரம் எதற்கு இங்கே.

டிசம்பர் 16, செவ்வாய் – அஸ்வான்

நேற்று முழுவதும் வயிறு. லக்சரில் குடித்த கரும்புச்சாறு என்பது என் சந்தேகம், மூன்றாவது தட்டு முலூக்கியா என்பது அக்காவின் தீர்ப்பு. அபு சிம்பெல் கோயில் பயணத்தைக் கைவிட்டோம்.

காலையில் 'முடியாத தூபி', அதாவது செதுக்கி முடிக்காமல் விட்ட ஒற்றைக்கல் தூண். 42 மீட்டர் நீளம், ஆயிரம் டன்னுக்கு மேல், பாறையிலிருந்து மூன்று பக்கமும் பிரித்த பிறகு விரிசல் விட்டு, அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். உளியால் செதுக்கவில்லை, கடினமான கல் உருண்டைகளால் இடித்து இடித்துப் பள்ளம் ஆக்கியிருக்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு அகலம் என்று பிரித்துக்கொண்ட மாதிரி கிண்ணம் கிண்ணமாகத் தடம். விரிசல் விட்ட அன்று பதிவேட்டில் என்ன எழுதியிருப்பார்கள்?

மதியம் எலிஃபன்டைன் தீவுக்குப் படகு. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். ஐந்து நிமிடப் பயணத்துக்குள் அக்கா மடியில் ஒரு குழந்தை, கையில் ஒரு கொத்து புதினா. தீவில் நைல் மானி: ஆற்றுக்குள் இறங்கும் படிக்கட்டு, சுவரில் அளவுக் கோடுகள். வெள்ளம் எந்தக் கோட்டைத் தொட்டதோ அதை வைத்து அந்த ஆண்டு வரி. குறைந்தால் பஞ்சம், மிஞ்சினால் ஊர் மூழ்கும், நடுவே இருந்தால் கணக்குப்பிள்ளைகளுக்கு வேலை. 1970இல் அஸ்வான் பேரணை முடிந்த பிறகு வெள்ளம் வருவதில்லை. கோடுகள் மட்டும் இருக்கின்றன. அடிப்படியில் ஒரு பூனை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

நூபிய இனத்தார் வீடு ஒன்றில் கர்கதே குடித்தோம். செம்பருத்தி இனத்துப் பூவின் சாறு, துவர்ப்பும் புளிப்பும். வயிற்றுக்கு நல்லது என்றார்கள், நல்லதாகவே இருந்தது. அரைக் கிலோ காய்ந்த பூவுக்கு 200 பவுண்டில் தொடங்கிய பேரம் 90இல் முடிந்தது. பேசியது அக்கா, தமிழில்.

திரும்பும் படகில், போனபோது கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு கேட்டார் படகுக்காரர். ஏன் என்று கையால் கேட்டேன். அவர் முன்னால் இருந்த அக்காவைக் காட்டி ஏதோ சொன்னார். பெண்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது, அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "எனக்கெப்படிடா தெரியும், காசக் கொடு" என்றாள்.